ஒரு கேரட் கல்லின் இடுப்பு

என் அக்கா மகன் மௌலிக் பல் டாக்டர். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லோரும் வைரத்தோடு புழங்கியவர்கள். பட்டை தீட்டினோம், தரம் பிரித்தோம், தரகு பார்த்தோம். இவன் ஒருத்தன்தான் லென்ஸை மாட்டிக்கொண்டு ஊரார் வாய்க்குள் பார்க்கப் போனான். அதனால் அவனுக்கு நிச்சயதார்த்தம் என்று வந்தபோது, மோதிரத்துக்குக் கல் பார்க்கிற வேலை தானாக என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. நான்தான் பிடுங்கிக்கொண்டேன். சூரத்தில் மகிதர்புரா வைரத் தெருவில் முப்பத்தொரு வருஷமாகத் தரகு பார்க்கிற வஷ்ராம் மாமா நான் இருக்கும்போது பையன் கடைக்குப் போய் மோதிரம் வாங்கினால், நான் அந்தத் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்த முடியுமா?

பெண் பெயர் ஹேதல். கதார்காமில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவளுடைய அப்பா கோர்தன்பாய்க்கு ரிங் ரோட்டில் சேலை மொத்த வியாபாரம். கோர்தன்பாயின் அக்கா ஜமனா அத்தைதான் அந்த வீட்டின் உண்மையான முதலாளி. கோர்தன்பாய் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பது அத்தையாகத்தான் இருக்கும். நல்ல குடும்பம். ஆனால் சேலைக்காரர்கள். சூரத்தில் பிறந்து வளர்ந்தும் வைரத்தில் எது தலை, எது வால் என்று தெரியாது. எங்களுக்கும் அவர்கள் துணியில் எது நயம், எது மட்டம் என்று தெரியாது என்பதால் அதைக் குறையாக நான் சொல்லவில்லை.

மௌலிக் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்.

"மாமா, ஒரு கேரட் இருக்கணும். தொண்ணூத்தெட்டு சென்ட், தொண்ணூத்தொம்போது சென்ட்னு கதை சொல்லாதீங்க. முழுசா ஒண்ணு."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஊரில் எல்லோரும் முழுசாக ஒன்று, அதாவது நூறு சென்ட், கேட்பதால், பட்டறைக்காரர்கள் எப்படியாவது கல்லை அந்த எடையைத் தொடவைத்துவிடுவார்கள். எங்கே ஒளித்துத் தொடவைப்பார்கள்? இடுப்பில். வைரத்தின் மேல்பாதிச் சரிவும் கீழ்பாதிச் சரிவும் சந்திக்கிற இடத்தில் சுற்றிலும் ஒரு விளிம்பு ஓடும். அதைக் கந்தோரா என்போம். பெண்கள் கட்டுகிற ஒட்டியாணத்துக்கும் எங்கள் ஊரில் அதே பெயர். பேச்சில் இடுப்பு என்றே சொல்லிவிடுவோம். இடுப்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தால், மோதிரத்தில் பதிக்கும்போதே மூளி விழும். தடித்திருந்தால் எடை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கொடுக்கிற காசு ஒரு கேரட்டுக்கு, கண்ணுக்குத் தெரிவது தொண்ணூறு சென்ட்தான்.

புதன்கிழமை அர்ஜன்பாய் ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். அவனும் நானும் இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்த்து நண்பர்களானவர்கள். "பாத்துட்டுச் சொல்லுங்க, பிடிச்சா எடுங்க, இல்லன்னா திருப்பிக் குடுங்க" என்றான். அதே புதன்கிழமை ஹேதலும் ஜமனா அத்தையும் அழைப்பிதழ் மாதிரியைக் காட்ட அக்கா வீட்டுக்கு வந்துபோயிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். இந்த இரண்டு வருகையும் ஒரே நாளில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கமான கடையில் ஆவியில் வெந்த கடலைமாவு லோசோ ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து மௌலிக்குக்குப் போன் போட்டேன். அவன் கிளினிக்கில் யாருடைய பல்லையோ ராவிக்கொண்டிருந்தான். விர்ர்ர் என்ற சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்ததால் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி, தட்டும் கையுமாக ஜமனா அத்தை உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

"நேத்து வந்துதே, அதை நல்லாப் பாத்துட்டேன்டா," என்றேன். "முகம் நல்லா இருக்கு. கலரும் நல்லா இருக்கு. வெளிச்சத்துல நிறுத்தினா சிரிக்குது. ஆனா இடுப்புதான்..."

விர்ர்ர்.

"இடுப்புடா, இடுப்பு! ரொம்பத் தடிமன்! எடை மொத்தத்தையும் அங்கதான் ஒளிச்சு வச்சிருக்காங்க. நேரா பாத்தா தெரியல. பக்கவாட்டுல திருப்பிப் பாத்தேன், மாட்டிக்கிச்சு!"

"அப்படியா மாமா? வாயத் திறங்க, இன்னும் திறங்க. உங்கள இல்ல மாமா, நீங்க சொல்லுங்க."

"அவங்க ஆயிரம் பெருமை சொல்லுவாங்க, காகிதத்துல எழுதிக்கூடக் குடுப்பாங்க. காகிதத்தோடயா குடும்பம் நடத்தப் போற? திருப்பி அனுப்பிடலாம். இதுல என்ன கூச்சம்? ஏற்கெனவே நாலு பேர் பாத்துட்டுத் திருப்பி அனுப்பினதுதான் அது. நான் வேற அஞ்சாறு வரவழைக்கறேன், வரிசையா வச்சுப் பாப்போம்."

"சரி மாமா, உங்களுக்குத் தெரியாததா."

"ஆனா ரொம்ப ஒல்லியும் வேணாம், இப்பவே சொல்லிட்டேன். ஒல்லி இடுப்பு நம்ம வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ளயே மூளியாயிடும்!"

திருப்தியாகப் போனை வைத்துவிட்டு, இன்னொரு தட்டு சொல்லிச் சாப்பிட்டேன். ஜமனா அத்தை பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த அம்மா லோசோவை மிச்சம் வைத்து அன்றைக்குத்தான் பார்த்ததாகக் கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். அங்கேயே என் சட்டையைப் பிடிக்காததற்குக் காரணம், அத்தைக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வரும்.

பேச்சு திரும்பி வந்தபோது அவர் ரிங் ரோட்டுக் கடையில் இருந்தார். ஹேதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போட்டிக்காக நவ்சாரி போயிருந்தாள். கோர்தன்பாய் மட்டும் மாட்டினார்.

"நம்ம பொண்ணைப் பக்கவாட்டுல திருப்பிப் பாத்தானாம்! நாலு பேர் திருப்பி அனுப்பினதாம்! எந்த நாலு பேரு? டேப்பை எடு கோர்தன்."

"டேப் எதுக்கு அக்கா?"

"அந்தப் பல் டாக்டர் இடுப்பை அளக்கணும். இன்னிக்கே."

"நிச்சயம் பண்ணப் போற வீட்டுல போய்..."

"டேப்பை எடு."

சாயங்காலம் இருவரும் வராச்சாவில் அக்கா வீட்டுக்குப் போனார்கள். என் அக்கா ஜீவிக்கு யார் வந்தாலும் சந்தோஷம். சம்பந்தி வீட்டார் சொல்லாமல் வந்தால் இரட்டிப்புச் சந்தோஷம். மௌலிக் அப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் நேரா நில்லுங்க," என்றார் அத்தை. "அளவெடுக்கணும்."

அத்தை எதிர்பார்த்தது ஒரு திடுக்கிடல், ஒரு சண்டை. அக்காவின் முகமோ விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ஷெர்வானி தைக்க அளவெடுக்க வந்திருக்கிறார்கள், அதுவும் தையல்காரரை அனுப்பாமல் சம்பந்தியே நேரில் வந்திருக்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"கையத் தூக்குடா மௌலிக்! பெரியவங்க எவ்வளவு ஆசையா வந்திருக்காங்க!"

மௌலிக் கையைத் தூக்கினான். கோர்தன்பாய் டேப்பைச் சுற்றினார்.

"மூச்சை உள்ள இழுக்காதீங்க," என்றார் அத்தை.

"நாப்பத்தொண்ணு," என்று கோர்தன்பாய் முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"நாப்பத்தொண்ணு!"

"பாத்தீங்களா?" என்று அத்தை அக்கா பக்கம் திரும்பினார். "எடையெல்லாம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்துப் பாத்து வளத்ததாச்சே!" என்றாள் அக்கா பெருமையாக. "நெய் இல்லாம ஒரு ரொட்டி தின்னதில்ல இவன். கொஞ்சம் தாராளமாவே எடுத்துக்கங்க, கல்யாணத்துக்குள்ள இன்னும் ஒரு சுத்து வந்துடுவான்."

அத்தைக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஒரே நாளில் இரண்டாவது தடவை.

"தோளு, கை நீளமெல்லாம் வேணாமா?" என்று அக்கா கேட்டாள். கையில் டேப் இருந்தது, எதிரே பையன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், வாழ்நாள் முழுக்கத் துணியோடு இருந்த மனிதர் வேறென்ன செய்வார்? கோர்தன்பாய் தோளையும் கையையும் அளந்து, பாக்கெட்டிலிருந்த சீட்டில் எழுதியும் கொண்டார்.

"என்ன கலர் எடுக்கப் போறீங்க?"

"கிரீம்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதோடு ஷெர்வானி உறுதியாகிவிட்டது. திரும்பும்போது லிஃப்டில் நாலாவது மாடியிலிருந்து தரைவரை அத்தை தம்பியைப் பார்த்த பார்வையைப் பற்றி அவர் இன்னும் பேச மறுக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மறுநாள் வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு நான் மகிதர்புராவில் என் ஸ்கூட்டர் சீட்டின்மேல் உட்கார்ந்து, அர்ஜன்பாயின் கல்லைச் சாமணத்தில் பிடித்து அவனிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் வழக்கமான கூட்டம். ஸ்கூட்டருக்கு மூன்று பேர், கல் மடித்த பொட்டலத்துக்கு ஐந்து பேர்.

"வேணாம் அர்ஜன்பாய், இடுப்பு தடிமன்."

"இடுப்பைப் பாத்துட்டு முகத்தை விடறீங்களே அண்ணே."

அந்த நேரத்தில்தான் தெரு முனையில் ஹேதல் வந்து இறங்கியிருக்கிறாள். நவ்சாரியிலிருந்து காலையில் வந்தவளிடம் அத்தை எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். பள்ளிக்கூட உடுப்பு, ஓட்டத்துக்கான ஷூ, கழுத்தில் விசில், அப்படியே புறப்பட்டு வந்துவிட்டாள். என்னிடம் தனியாக இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாளாம். ஆனால் கூட்டத்துக்குள் நடக்க நடக்க அவள் காதில் விழுந்தது இது:

"இதோட இடுப்பைப் பாருங்க சேட், கத்தி மாதிரி!"

"தடிமன் எனக்கு வேணவே வேணாம்ப்பா. போன மாசம் எடுத்த தடிமனே இன்னும் வீட்டுல கெடக்கு."

"நடுத்தர இடுப்பா நாலு காட்டு, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன்."

ஒரு தெரு முழுக்க ஆண்கள் நின்று இப்படிப் பேசினால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? விசிலை வாயில் வைத்து, மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பிள்ளையும் நிற்கிற மாதிரி ஊதினாள்.

என் கை உதறியது. சாமணம் நழுவியது. கல் போய்விட்டது.

"கல்லு விழுந்துடுச்சு!" என்று அர்ஜன்பாய் அலறினான். "யாரும் காலை எடுக்காதீங்க!"

எங்கள் தெருவில் இந்த ஒரு குரலுக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள். நூறு பேர் அப்படியே சிலையாக நின்றார்கள். அடுத்த நொடி, நின்ற இடத்திலேயே குனிந்து தரையைத் தடவ ஆரம்பித்தார்கள். ஹேதல் அசந்துபோனாள். அவள் விசிலுக்கு இவ்வளவு மரியாதை பள்ளிக்கூடத்தில் கிடைத்ததே இல்லை.

நான் ஸ்கூட்டருக்கு அடியில் முட்டி போட்டிருந்தபோது கண்ணெதிரே இரண்டு ஷூக்கள் வந்து நின்றன.

"மாமா! என் இடுப்பு தடிமன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

நான் தலையைத் தூக்கவில்லை. "எந்தக் கல்லும்மா?"

"கல்லா? கல்லுன்னு வேற சொல்றீங்களா?"

"கொஞ்சம் இரும்மா, இடுப்பு கீழ விழுந்துடுச்சு, தேடிட்டு வந்துடறேன்."

"என் எடை அம்பத்தாறு கிலோ, மாமா! எங்க ஒளிச்சு வச்சிருக்கேன்? காட்டுங்க பாப்போம்!"

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். ஹேதல். என் வருங்கால மருமகள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அதைவிடக் கோபம் அதிகமாக நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதால் ஸ்கூட்டருக்கு அடியிலேயே இருப்பது நல்லது என்று பட்டது.

அர்ஜன்பாய்தான் குறுக்கே புகுந்தான். அவனுக்கு நியாயம் கேட்க ஒரு ஆள் கிடைத்த மகிழ்ச்சி.

"நல்லாக் கேளுங்க தங்கச்சி! இவர் எப்பவுமே இப்படித்தான். முகம் எவ்வளவு லட்சணம், அதை விட்டுட்டு இடுப்பு இடுப்புன்னு ஊர் முழுக்கச் சொல்லி விலையைக் குறைக்கறார். நீங்களே பாருங்க, சர்ட்டிபிகேட் இருக்கு."

காகிதத்தை அவள் கையில் திணித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். எடை, ஒரு கேரட். நிறம், நல்ல வெள்ளை. இடுப்பு, மிகத் தடிமன். இன்னொரு தடவை படித்தாள். சுற்றிலும் தரையைத் தடவிக்கொண்டிருக்கும் நூறு பேரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா, நேத்து லோசோ கடையில போன்ல பேசினது..."

"இந்தக் கல்லைப் பத்திம்மா. மோதிரத்துக்கு."

"நாலு பேர் திருப்பி அனுப்பினது?"

"நாலு இல்ல, அஞ்சு. இவன் மறைக்கறான்."

ஹேதல் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தாள். விசில் வாயருகே இருந்ததால் சிரிப்பு நடுநடுவே கீச்சென்று வந்தது. அவள் உட்கார்ந்தபோது ஷூவின் அடிப்பாகம் மேலே தெரிந்தது. அதன் வரிப்பள்ளத்தில் ஏதோ மின்னியது. அர்ஜன்பாய் தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு சாமணத்தால் கல்லை எடுத்தான். பிறகு "கெடச்சுது!" என்று கத்தினான். தெரு மொத்தமும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தது.

அர்ஜன்பாய் லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நானும் பார்த்தேன். கருங்கல் தரையில் விழுந்து, ஷூவுக்கடியில் சிக்கி, நாலடி நடந்து வந்த கல். ஒரு மூளி இல்லை.

"இதுவே ஒல்லி இடுப்பா இருந்தா?" என்று ஹேதல் கேட்டாள்.

"ஓரம் போயிருக்கும்," என்றேன், வேண்டாவெறுப்பாக.

"நான் தினமும் வாலிபால் கம்பத்துல கையை இடிச்சுக்கறவ, மாமா. எனக்கு எது சரி?"

"ஓரளவு தடிமன் போதும்மா. இது ரொம்ப அதிகம். ஒரு கேரட்டுக்குக் காசு குடுத்துட்டு, பாக்கறதுக்குத் தொண்ணூறு சென்ட் மாதிரி இருக்கும்."

அவள் அர்ஜன்பாய் பக்கம் திரும்பினாள். "அப்ப தொண்ணூறு சென்டுக்கான காசை வாங்கிக்கங்க."

"அது எப்படி தங்கச்சி? தராசுல வச்சா ஒரு கேரட்."

"நான் தராசுலயா போட்டுக்கப் போறேன்? விரல்ல. இது ஏற்கெனவே அஞ்சு வீடு பாத்துட்டு வந்திருக்கு. நானும் வேணாம்னுட்டா ஆறு. பாவம், அதுக்கு எப்படி இருக்கும்?"

அர்ஜன்பாய் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போது அவள் விசிலைக் கையில் எடுத்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தங்கள் பொட்டலங்களைச் சட்டென்று மடித்தார்கள். "குடுத்துத் தொலைடா அர்ஜன்!" என்று பத்துக் குரல்கள் கேட்டன. தொண்ணூறு சென்ட் விலைக்கே முடிந்தது.

எனக்கு மனது ஆறவில்லை. முப்பத்தொரு வருஷம் கல் பார்த்தவன் வீட்டு மருமகள் விரலில், மிகத் தடிமன். இன்னும் நல்லதாக நாலு கல் காட்டுகிறேன், ஒரு வாரம் பொறு என்று தெரு முனைவரை கெஞ்சினேன். "எனக்குப் பிடிச்சிருக்கு மாமா," என்றாள், அவ்வளவுதான்.

ஜமனா அத்தையைச் சமாதானப்படுத்துவது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. அன்று மத்தியானமே கல்லையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"கல்லுக்கு ஏது இடுப்பு? எனக்குக் காது குத்தறியா?"

"மேல தட்டையா இருக்கே, அது தலை. கீழ கூரா இருக்கே, அது அடி. நடுவுல சுத்தி ஓடறது இடுப்பு. நீங்களே பாருங்க அத்தை."

அவர் லென்ஸைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் கண்ணிமை முடியைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஆமா," என்றார் கடைசியில். "தடிமன்தான். கருப்பா வேற இருக்கு." லென்ஸைக் கீழே வைத்தார். திடீரென்று அவர் முகம் மாறியது. "கோர்தன்! அப்ப நாம போய் அளந்தது?"

கோர்தன்பாய் கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அளந்தீங்களா?" என்றேன். "யாரை?"

அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. சிரித்து முடிக்க எனக்கு இரண்டு டம்ளர் மோர் தேவைப்பட்டது. அக்காவிடம் யாரும் மூச்சு விடக்கூடாது என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அக்காவோ அதற்குள் வராச்சாவில் பாதிப் பேரிடம் ஷெர்வானியைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தாள். கோர்தன்பாய் மறுபேச்சில்லாமல் கிரீம் பட்டில் நாற்பத்தொன்றுக்குத் தைத்துக் கொடுத்தார். நிச்சயத்தன்று அது மௌலிக்குக்குக் கச்சிதமாக இருந்தது, சாப்பாட்டுக்கு முன்னால்வரை.

மோதிரத்தைப் போடும்போது மௌலிக் என் காதில் கேட்டான், "மாமா, முழுசா ஒண்ணுதானே?"

"முழுசா ஒண்ணு."

"அப்ப சரி." அதற்குமேல் அவனுக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

கல்யாணம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. ஜமனா அத்தை இப்போது தனக்கு மூக்குத்திக்கு ஒரு கல் வேண்டும் என்கிறார். முதல் கல்லின் இடுப்பு ஒல்லி என்றார். இரண்டாவது தடிமன். மூன்றாவது ஒரு பக்கம் ஒல்லி, மறுபக்கம் தடிமன், அது உண்மைதான், அர்ஜன்பாய் கொடுத்த கல். நாலாவதை எதற்குத் திருப்பினார் என்று சொல்லவே இல்லை. ஐந்தாவது பொட்டலம் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. லென்ஸை அவரே சொந்தமாக வாங்கிவிட்டதாக ஹேதல் சொன்னாள், அதனால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.